வடசென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலசைப் பறவைகள் மார்கழி, தையில்தானே வரும்? ஆடி மாதத்தில் போய் என்ன பார்ப்பது?

வாத்துகளும் கடற்காகங்களும் அப்படித்தான். ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகள் ஜூலைக் கடைசியிலேயே தலைகாட்டத் தொடங்கிவிடும். இவை முட்டையிடும் வடக்குப் பகுதிகளில் கோடை சில வாரங்கள்தான். குஞ்சு தானாக இரை பொறுக்கத் தொடங்கியதும் பெரியவை கிளம்பிவிடும். சில இனங்களில் ஆண் அதற்கும் முன்பே கிளம்பிவிடுகிறது. அதனால் ஆகஸ்டில் இங்கே வந்து இறங்குபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்துச் சிவப்பும் கறுப்பும் உடம்பில் இன்னும் மிச்சமிருக்கும். அதே பறவையை ஜனவரியில் பார்த்தால் வெறும் சாம்பல். அந்த வருடத்துக் குஞ்சுகள் பின்னால் தனியாக, பெரும்பாலும் செப்டம்பரில், வந்து சேரும்.

இன்னொரு காரணம் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஏரிகள் இறங்கியிருக்கும், ஓரங்களில் சேறு தெரியும். கரைப்பறவைக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டால் அதற்குக் கால் வைக்க இடமில்லை. இந்தப் பருவத்தில் பறவையைத் தேடுவதற்கு முன் சேற்றைத் தேட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

ஜூன் மாதமே பழவேற்காட்டில் பூநாரையும் மூக்கனும் பார்த்தோமே, அவை சீக்கிரம் வந்தவையா?

இல்லை, போகாமல் தங்கியவை. பல கரைப்பறவைகள் முதல் வருடம் இனப்பெருக்கம் செய்வதில்லை. அதனால் வடக்கே போகவும் தேவையில்லை. மே, ஜூன், ஜூலையில் சேற்றில் நிற்கும் சாம்பல் நிறக் கருவால் மூக்கன்கள் பெரும்பாலும் இந்த இளவட்டங்கள். பூநாரையிலும் இளசுகள் சாம்பல் கலந்த வெள்ளையாக, கால் மங்கலாக, கோடை முழுக்க ஏரியிலேயே நிற்கும். ஆகவே, 'இந்த வருடம் முதல் வரவு' என்று எழுத வேண்டுமானால் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஜூலைக் கடைசியில் மார்பில் செங்கல் நிறத்தோடு ஒரு மூக்கன் நின்றால் அது வந்த பறவை. சாம்பலாக நின்றால் பெரும்பாலும் இருந்த பறவை.

முதல் தடவை எங்கே போவது?

எண்ணூர் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் எண்ணூர் நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோவில் வருபவர்கள் விம்கோ நகரில் இறங்கிப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கம் போனால் ஆற்றுவாயைப் பார்க்கலாம். காட்டுக்குப்பம் பக்கம் போனால் ஆற்றின் உள்பகுதியும் சேற்றுத் திட்டுகளும் தெரியும். மூன்றும் மீனவர் ஊர்கள். படகு கட்டும் இடத்திலோ வலை காயும் இடத்திலோ கால் வைக்கும் முன் அங்கே இருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தத் திட்டில் எப்போது பறவை இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த செயலிக்கும் தெரியாது.

அரை நாள் கையில் இருந்தால் பழவேற்காடு. பொன்னேரி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். சொந்த வண்டி இருந்தால் அண்ணாமலைச்சேரி பக்கம் போவது நல்லது. ஏரியின் தென்மேற்கு ஓரம் அது. ஆழமில்லாத நீர், பூநாரை நிற்கும் இடம். படகு ஆசை வேண்டாம். இந்தப் பருவத்தில் கரையில் நின்று ஸ்கோப்பில் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) பார்த்தாலே போதும். படகு போனால் பூநாரைக் கூட்டம் எழுந்து பறக்கும். பறப்பதைப் படம் எடுக்க என்றே சிலர் படகைக் கிட்டே விடச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ரெட்டேரி அல்லது மாதவரம் ஏரி. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. அதைத் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறோம்.

எண்ணூருக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

மணியைப் பார்த்துப் போனால் பாதி நாள் ஏமாற்றம்தான். ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதைப் பார்த்துப் போக வேண்டும். சென்னைக் கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு சேறு நன்றாகத் தெரிந்தது என்று அடுத்த ஞாயிறும் 7 மணிக்குப் போனால் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நிற்கும். பறவை ஒன்றுகூட இருக்காது. 'எண்ணூரில் ஒன்றுமே இல்லை' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்றத்தில் போய்த் திரும்பியவர்கள்.

சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அது கடலோர நேரம். ஆற்றுக்குள் போகப் போக ஏற்றமும் வற்றமும் தாமதமாகும். முகத்துவாரத்தில் வித்தியாசம் குறைவு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் அதிகம். இரண்டு மூன்று தடவை ஒரே இடத்தில் நின்று, சேறு தெரியத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் உங்கள் இடத்துக்கான கணக்கு கிடைத்துவிடும்.

நல்ல நேரம் இரண்டு. ஒன்று, நீர் இறங்கத் தொடங்கிச் சேற்றின் முதல் விளிம்பு தெரியும்போது. அப்போது பறவை எல்லாம் அந்தக் குறுகலான ஈர விளிம்பிலேயே கூடும். இன்னொன்று, நீர் ஏறும் கடைசி இரண்டு மணி நேரம். தூரத்துத் திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்க, பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் வரும். நீங்கள் அசையாமல் இருந்தால் போதும். முழு வற்றத்தில் சேறு பரந்து கிடக்கும். பறவையும் பரந்து, பைனாகுலருக்கு எட்டாத தூரத்தில் புள்ளிகளாக நிற்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்க தினசரி காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம், சென்னையில் சுமார் ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி அது பாதிக்கும் கீழே. ஒரு மீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் எண்ணூர் போன்ற தட்டையான இடத்தில் அந்த ஒரு மீட்டருக்குள் பெரும் பரப்புச் சேறு வெளியே வந்துவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆற்றுவாயில் மணல் மேடு சேர்ந்து வாய் குறுகிப்போவது உண்டு. அப்போது கடல்நீர் உள்ளே வந்து போவது குறையும். அட்டவணையில் பெரிய வற்றம் என்று போட்டிருந்தாலும் உள்ளே நீர்மட்டம் அதிகம் மாறாது. போனதும் முதலில் ஆற்றுவாயைப் பாருங்கள். அலை உள்ளே புகுந்து வந்தால் அட்டவணையை நம்பலாம்.

வெயில், கானல் இரண்டும் பார்க்கவே விடுவதில்லை. என்ன செய்வது?

ஆகஸ்ட் கடைசியில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன் உதிக்கும். 9 மணிக்கெல்லாம் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு விலையுள்ள லென்ஸ் போட்டாலும் தூரத்துப் பறவை நெளியத்தான் செய்யும். ஸ்கோப்பில் பெருக்கத்தை ஏற்றினால் நெளிவும் சேர்ந்து பெருகும்; 25, 30-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். முகத்துவாரத்தில் காலையில் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே உள்நீரைப் பார்த்து நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லா உள்ளானும் கறுப்புதான். மாலையில் போவதாக இருந்தால் மேற்கு வானத்தையும் அடிக்கடி பாருங்கள். இந்த மாதங்களில் மாலை இடிமழை மேற்கிலிருந்து வரும். மரமே இல்லாத சேற்றுவெளியில் முக்காலியை நட்டுக்கொண்டு நிற்கிற ஆள்தான் அங்கே உயரமான பொருள். முதல் இடி கேட்டதும் கிளம்பிவிடுங்கள்.

என்ன கருவி வேண்டும்?

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்). 10x42-உம் சரிதான், ஆனால் கடற்காற்றில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும். எண்ணூர், பழவேற்காட்டுக்கு மட்டும் 20-60 பெருக்கமுள்ள ஸ்கோப் இருந்தால் பெரிய வித்தியாசம். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். முக்காலி கனமாக இருக்கட்டும். லேசான முக்காலி காற்றில் ஆடும். கேமரா கட்டாயமில்லை. இருந்தால், சந்தேகமான பறவையைப் பறக்கும்போது ஒரு படம் எடுக்கப் பயன்படும். இறக்கைக் கோடும் பிட்டத்து வெள்ளையும் பறக்கும்போதுதான் தெரியும்.

உள்ளான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

நிறத்தில் தொடங்காதீர்கள். உருவம், அலகின் நீளம், நடந்துகொள்ளும் விதம், கால், கடைசியாக நிறம். இந்த வரிசையில் போனால் குழப்பம் பாதி குறையும்.

கரைக்கல்லில் தனியாக, பின்பக்கத்தை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டு நிற்பது சாதா உள்ளான். மார்பின் பழுப்புக்கும் இறக்கைக்கும் நடுவே தோளருகே ஒரு வெள்ளை ஆப்பு மேலேறும். அது தெரிந்தால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம். பறக்கும்போது இறக்கையை விறைப்பாகக் கீழே வைத்து, நீரை ஒட்டிச் சிறுசிறு துடிப்பாகப் போகும். ஆகஸ்டில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். பக்கிங்காம் கால்வாய்க் கரையில்கூட நிற்கும்.

பொறி உள்ளான் கொஞ்சம் உயரம், மஞ்சள் கலந்த நீளக் கால், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவம். நன்னீரையே விரும்பும். மணலி, சடையங்குப்பம் பக்கம் மழைக்குத் தேங்கும் நீர், ஏரி ஓரம், வயல் ஆகிய இடங்களில் தேடுங்கள். கிரீன் சாண்ட்பைப்பர் என்று பட்டியலில் வருவது இதற்குச் சொந்தக்காரன். முதுகு கருமை, புள்ளி சிறிது, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, பிட்டம் பளிச்சென்று வெள்ளை. பொறி உள்ளானுக்கு இறக்கையின் அடி வெளிறியிருக்கும்.

பவளக்காலிக்குப் பெயரே போதும்: ஆரஞ்சுச் சிவப்புக் கால். பறந்தால் இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளை. கூட்டத்தில் முதலில் பயந்து கத்துவதும் இதுதான். அதனால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். பச்சைக்காலி பெரிது, அலகு தடித்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைப் போலவே, ஆனால் ஒல்லியாக, ஊசி மாதிரி நேர் அலகோடு இருப்பது மார்ஷ் சாண்ட்பைப்பர். இரண்டும் பக்கத்தில் நின்றால் யாரும் குழம்புவதில்லை. தனியாக நிற்கும்போது அலகின் தடிமனை மட்டும் பாருங்கள்.

கொசு உள்ளான் இங்கே வருவதில் ஆகச் சிறியது. கறுப்புக் கால், குட்டை அலகு, தையல் இயந்திர வேகத்தில் கொத்தும். கால் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அது டெம்மின்க்ஸ் ஸ்டின்ட். ஆனால் சேறு அப்பியிருந்தால் எந்தக் காலும் கறுப்புதான். நீரில் நடந்து கால் கழுவப்படும் வரை பொறுங்கள்.

இந்தப் பருவத்தின் அழகு கர்லியூ சாண்ட்பைப்பரிடம் இருக்கிறது. நீண்டு கீழே வளைந்த அலகு, கறுப்புக் கால். வடக்கே முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாக இருந்தது, இங்கே வரும்போது உதிரத் தொடங்கியிருக்கும். அருகில் பார்த்தால் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள், நடுநடுவே புதிதாக முளைத்த வெள்ளை, முதுகில் பழைய கருமையும் புதிய சாம்பலும் கலந்து, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. முதலில் வருபவை ஆண்கள், அடுத்துப் பெண்கள், கடைசியில் குஞ்சுகள். செப்டம்பரில் மார்பில் மங்கலான பழுப்பு பூசி, முதுகு இறகுகளுக்கு ஒழுங்கான வெள்ளை ஓரம் கட்டி நிற்பவை குஞ்சுகள். இதைப் பார்த்து டன்லின் என்று எழுதுகிறவர்கள் உண்டு. டன்லின் சென்னைப் பக்கம் மிக அரிது. பறக்கவிட்டுப் பாருங்கள்: பிட்டம் முழு வெள்ளையாக இருந்தால் கர்லியூ சாண்ட்பைப்பர், நடுவே கருங்கோடு ஓடினால்தான் டன்லினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கருவால் மூக்கனுக்கு நேரான நீண்ட அலகு, அடிப்பாதி இளஞ்சிவப்பு, பறந்தால் வெள்ளை இறக்கைக்கோடும் கறுப்பு வால் பட்டையும். கோட்டானுக்கு (ஆந்தை அல்ல, கர்லியூ) அலகு கீழ்நோக்கி நன்றாக வளைந்திருக்கும். சின்னக் கோட்டானாக இருந்தால் தலையில் கோடு, அலகு குட்டை.

உப்புக்கொத்திகள்?

கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. மார்புப் பட்டை முழுமையாகச் சேராமல் இருபக்கமும் திட்டாக நின்றுவிட்டால் கெண்டிஷ். பொன்னிற உப்புக்கொத்தி ஆகஸ்டில் வயிற்றில் கறுப்புத் திட்டோடு வரும், முதுகில் பொன் பொறி. அதைவிடப் பருத்து, பறக்கும்போது அக்குளில் கறுப்பு தெரிந்தால் சாம்பல் உப்புக்கொத்தி.

தலைவலி மணல் உப்புக்கொத்திகள்தான். சின்னது, பெரியது என்று இரண்டு வகை; தனித்து நிற்கும்போது அளவு ஏமாற்றும். அலகைப் பாருங்கள். அலகின் நீளம், அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தை எட்டுகிறதா, அதைவிடக் குறைவா? குட்டையாக, நுனி மழுங்கலாக இருந்தால் சின்னது. நீண்டு தடித்து, கூரான நுனியோடு, காலும் நீளமாக இருந்தால் பெரியது. சின்னதைச் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள்; குளிர்காலச் சாம்பல் உடையில் அந்த இரண்டையும் களத்தில் பிரிக்க முயல வேண்டாம். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் செயலியில் இரண்டையும் சேர்த்துச் சாய்கோடு போட்ட பெயர் இருக்கும், அதைப் பதியுங்கள். நீண்ட அலகுள்ள ஸ்னைப் பறவைகளுக்கும் இதே ஆலோசனைதான். சாய்கோட்டுப் பெயர் போட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். தப்பான பெயர் போட்டால் திருத்துகிறவருக்கு வேலை.

ரெட்டேரி, மாதவரம், புழல் ஏரிகளில் இந்த மாதங்களில் என்ன இருக்கும்?

உள்ளூர்ப் பறவைகளின் குடும்ப வேலை. நீளவால் இலைக்கோழி இப்போதுதான் அந்த நீள வாலோடு இருக்கும். குளிர்காலத்தில் வால் உதிர்ந்து ஆளே தெரியாது. ஆண்தான் அடைகாத்துக் குஞ்சை மேய்க்கும். ஆகாயத்தாமரை மேல் பஞ்சுருண்டை மாதிரி ஓடும் குஞ்சுகளைப் பார்க்கலாம். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளி மூக்கு வாத்து எல்லாம் ஆண்டு முழுக்க உண்டு. கோரைக்குள் மஞ்சள் குருகும் செங்குருகும் அதிகாலையில் ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தாழப் பறக்கும். கண்ணில் படும் நேரம் மூன்று விநாடிதான். வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போகாவிட்டால் குருகை மறந்துவிடலாம்.

மீசை ஆலா ஏரியிலும் கழிமுகத்திலும் வரும். ஆகஸ்டில் சிலவற்றுக்குக் கறுப்புத் தொப்பியும் கருஞ்சாம்பல் வயிறும் இன்னும் இருக்கும். முதுகில் இஞ்சி நிறத்தோடு இருப்பவை குஞ்சுகள்.

புழல் ஏரியின் முழு ஆழம் 21.20 அடி. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மட்டம் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தால் ஓரத்தில் சேறும் புல்லும் வெளிப்பட்டிருக்கும். ஆள்காட்டி, பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி கிடைக்கும். கிருஷ்ணா நீர் வந்து மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் ரெட்டேரிக்கே போய்விடுங்கள். குடிநீர் ஏரி என்பதால் எல்லாக் கரையிலும் ஏற விடமாட்டார்கள். சாலையிலிருந்து பார்க்கக்கூடிய இடங்களே போதும்.

வீட்டை விட்டு நகராமல் பார்க்க ஏதாவது?

நிறைய. காகத்துக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு ஓடும் குயில் குஞ்சு ஆகஸ்டிலும் தென்படும். தவிட்டுக்குருவிகள் இருக்கும் தெருவில், அவற்றின் கூட்டில் முட்டையிடும் சுடலைக்குயில் வந்திருக்கிறதா என்று காது கொடுங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். செப்டம்பரில் ஒரு நாள் காலை, முந்தைய நாள் வரை இல்லாத கரகரப்பான கத்தல் முருங்கையிலிருந்தோ வேலியிலிருந்தோ கேட்டால் பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது. அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். தனி ஆள் ஆண்டுதோறும் குறித்து வைக்கும் வருகைத் தேதி, ஒரு நாள் பார்த்த நூறு இனத்தைவிடப் பயனுள்ளது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் பனைமரங்களைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக் கூடுகள் கட்டி முடிந்தும் முடியாமலும் தொங்கும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் முழுமூச்சாக ஓடும் காலம் இது. செம்பருந்து, கரும்பருந்து எப்போதும் உண்டு. அலைத்தடுப்புக் கற்களில் உட்காரும் ஆலாக்களைக் கவனியுங்கள்: அலகு மஞ்சளாக, உடம்பு பெரிதாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா, அலகு ஆரஞ்சாக இருந்தால் சின்னக் கொண்டை ஆலா. கடற்காகங்களை இப்போது தேடிப் பயனில்லை, அக்டோபருக்குப் பிறகு வாருங்கள். ஏல நேரத்தில் வழியில் நிற்காதீர்கள்.

பாதுகாப்புப் படையினர் தடுப்பார்களா?

எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய் முனையம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். நீளமான லென்ஸை அந்தத் திசையில் திருப்பினால் கேட்பார்கள்; கேட்பது அவர்கள் வேலை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், சுற்றுச்சுவரை ஒட்டி நிற்க வேண்டாம், ட்ரோன் கூடவே கூடாது. பறவைப் புத்தகத்தைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பாதுகாப்புப் படையை விடப் பெரிய ஆபத்து அங்கே கன்டெய்னர் டிரெய்லர்தான்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போகச் சேற்றில் இறங்கலாமா?

வேண்டாம். எண்ணூர்ச் சேற்றில் பல இடங்களில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. மேல்பக்கம் காய்ந்து வெடித்து, சிமென்ட் தளம் மாதிரி உறுதியாகத் தெரியும், அடியில் கூழ். ஒரு கால் உள்ளே போனதும் அடுத்த காலை ஊன்ற இடமிருக்காது. மீனவர்கள் இறங்குகிறார்களே என்றால், எங்கே தரை உறுதி என்று அவர்களுக்குக் காலால் தெரியும். தற்செயலாகப் புதைந்துவிட்டால் நேராக நின்று காலை இழுக்காதீர்கள். பின்பக்கமாக உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி எடுத்து, வந்த தடத்திலேயே தவழ்ந்து திரும்புங்கள்.

பறவைக்கும் அது கெடுதல். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை எடை ஏற்றிக்கொள்ள இங்கே இறங்கியிருக்கிறது. அதில் பல தெற்கே இன்னும் போக வேண்டியவை. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அது சாப்பிட்டது வீணாகிறது. தலையை நிமிர்த்திக் கொத்துவதை நிறுத்தினாலே நீங்கள் அளவுக்கு மேல் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

கூட்டத்தை எப்படி எண்ணுவது? எப்படிப் பதிவது?

முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை நகர்த்தி எண்ணுங்கள். ஆயிரத்துக்கு மேல் என்றால் நூறு, நூறாக. கலப்புக் கூட்டமாக இருந்தால் மொத்தத்தை எண்ணிவிட்டு, ஸ்கோப்பில் வெவ்வேறு இடத்தில் மூன்று நான்கு தடவை நூறு நூறு பறவைகளை எடுத்து, எந்த இனம் எத்தனை என்று விகிதம் பாருங்கள். எண்ணுவதற்கு நல்ல நேரம் முழு ஏற்றம்: எல்லாம் ஓரிடத்தில் ஒண்டி ஓய்வெடுக்கும்.

ஈபேர்ட் செயலியில் பதியும்போது தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடந்த தூரம் மூன்றும் சரியாக இருக்கட்டும். போன வழியே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் போட வேண்டும். ஓரிடத்தில் நின்று பார்த்தால் அதற்கு நிலையான வகை என்று தனியாக உண்டு. எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போடுவது சோம்பேறித்தனம். உத்தேசமாக 300 என்று போட்டாலும் எக்ஸை விட மேல். எண்ணூரையும் ரெட்டேரியையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். குறிப்பில் ஓத நிலையை ஒரு வரி எழுதுங்கள்: 'ஏறும் நீர், திட்டு பாதி மூழ்கியது'. அடுத்த வருடம் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று பார்க்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் துப்பு. செப்டம்பர் 6 உலகக் கரைப்பறவைகள் நாள். அந்த வாரத்தில் ஒரு தடவையாவது எண்ணிப் பதியுங்கள்.

களைத்தோ எண்ணெய் அப்பியோ ஒரு பறவை கிடக்கிறது. என்ன செய்வது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுத்து நின்றன. அன்று போல இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு பறவைகள் எப்போதாவது கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் நடுக்கடல் ஆலாக்கள் கரையில் ஒதுங்குவதும் உண்டு. துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தித் தூக்குங்கள். அலகு உங்கள் கண்ணுக்கு எட்டாதபடி பிடியுங்கள். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியில் வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். எண்ணெயை வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். களைத்த பறவை குளிர்ந்தே செத்துவிடும். 'சரியாகும் வரை வீட்டில் வைத்துக்கொள்கிறேன்' என்பதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

ரெட்டேரிக்குத் தாராளமாக. எண்ணூருக்குப் பத்து வயதுக்கு மேல், தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருமாக. நிழலே கிடையாது.

இந்தப் பருவம் எப்போது முடியும்?

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். முதல் இரண்டு பெருமழையில் ஏரி ஓரச் சேறு மூழ்கி, அங்கிருந்த உள்ளான்கள் கலைந்துவிடும். கழிமுகத்தில் மட்டும் ஓதம் இருக்கிற வரை சேறும் பறவையும் இருக்கும். அந்தச் சமயத்தில் ஏரிகளுக்கு வாத்துகளும், மரங்களடர்ந்த வளாகங்களுக்கு ஆறுமணிக்குருவியும் வந்து சேரும். ஸ்கோப்பை வைத்துவிட்டு ரெயின்கோட்டை எடுக்க வேண்டிய நேரம்.